மடிக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் இடது முழங்கால் மடக்கினால் 'டொக்' என்கிறது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும். அடுத்த பேட்டைக்குப் போக ஏழு பேர் கூடித் திட்டம் போடுகிறோமே, அதைப் பற்றித்தான்.

மடிப்பாக்கம் கூட்ரோட்டிலிருந்து வேளச்சேரி விஜயநகர். நடுவில் கைவேலி. மூன்று, நான்கு கிலோமீட்டர். அங்கே ஒரு கல்யாண ரிசப்ஷன். எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் வியாழக்கிழமையே விவாதம் தொடங்கிவிட்டது. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்துக்குக்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

முதல் மாடி மாமி பஸ் என்றார். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. "ஆம்பளைகள் மட்டும் டிக்கெட் எடுத்துக்கோங்கோ." ஆம்பளைகள் எதிர்த்தார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் 2013-ல் அரசு வைத்த ஆட்டோ கட்டணத்தை எடுத்துப் போட்டார்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. ஆக, நாலு கிலோமீட்டருக்கு 51 ரூபாய் 40 காசு. அந்தக் கட்டணத்துக்கு எந்த ஆட்டோ வரும் என்று கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் இல்லை.

கடைசியில் ஒரு எர்டிகா. டிரைவர் போக ஆறு பேர். நாங்கள் ஏழு.

"புள்ளைய யாராவது மடியில வச்சுக்கலாமே" என்றது ஒரு குரல்.

நம் ஊரில் மடி என்பது உடம்பின் பகுதி இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத சீட். உட்கார்ந்தால் முளைக்கும், எழுந்தால் மறையும், போலீஸாலும் பிடிக்க முடியாது. ஆறு சீட் வண்டியில் ஆறு மடி, ஆகப் பன்னிரண்டு பேர் போகலாம். உட்காருபவருக்கு வயது வரம்பும் கிடையாது. எங்கள் 'புள்ளை' ஒன்பதாம் வகுப்பு. கூடைப்பந்து ஆடுகிறான். மீசை எட்டிப் பார்க்கிறது.

யார் மடி என்ற கேள்வி வந்தது. மாமிக்கு மூட்டுவலி. மாமாவுக்குச் சர்க்கரை (சர்க்கரைக்கும் மடிக்கும் என்ன சம்பந்தம்?). மேலாளருக்கு இஸ்திரி போட்ட வேட்டி, அவர் மனைவிக்குப் பட்டுப்புடவை, பையனின் அம்மாவுக்கு அதைவிட விலையான பட்டுப்புடவை. எனக்கு வியாதியும் இல்லை, நல்ல துணியும் இல்லை.

அவன் உட்கார்ந்ததும் அவன் தலை கூரையில் இடித்தது; என் மூக்கு அவன் முதுகில் புதைந்தது. அவன் மடியில் மொய்க்குப் பதிலாக வாங்கிய சுவர்க்கடிகாரம். அதன் மேல் மாமியின் கைப்பை. ஆக என் மேல் மூன்று தளம், அப்ரூவல் வாங்காத கட்டடம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூன்று தளமும் எழும்பி அஸ்திவாரத்தில் இறங்கின. கைவேலி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பயமெல்லாம் இல்லை, கால்தான் இல்லை. மாமி வீட்டில் மடி என்றால் யாரும் தொடக்கூடாது. அந்த மடியை எனக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

திரும்பும்போது யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து கையைக் காட்டினேன். ஷேர் ஆட்டோ நின்றது. "உள்ள தள்ளி உக்காருண்ணே" என்றார் டிரைவர். மொத்தத் திட்டமே அவ்வளவுதான்.

இரவு குழுவில் கணக்கு வந்தது. போகும்போது ஆன வாடகை 270 ரூபாய். மடியில் வந்த குழந்தைக்குக் கணக்கில்லையாம். ஆறால் வகுத்து, தலைக்கு 45. தலைக்குத்தான் கணக்கு, மடிக்கு இல்லை.

நான் இன்னும் அனுப்பவில்லை. மூன்று முறை ஞாபகப்படுத்திவிட்டார்கள். கடைசியாக வந்தது மேலாளரிடமிருந்து: "45 ரூபாய்தானே சார், இதுக்குப் போய் இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா?"