குழிக்கும் பாலிசிக்கும் நடுவே

தோ பாயோ என்றாலே பெரிய சதுப்பு நிலம் என்றுதான் பொருள். சதுப்பை மூடிச் சாலை போட்டுவிட்டதால் இங்கே பள்ளத்துக்கே பஞ்சம். அப்படியும் ஒன்று என்னைத் தேடி வந்தது. முன்டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு.

லோரோங் 8 சந்தையில் தே குடித்தபடி பாலிசியைப் பிரித்தேன். முழுக் காப்புறுதிதான்; ஆனால் டயர் மட்டும் சேதமானால் கிடையாதாம். காரின் வேறு பாகமும் கூடவே உடைந்திருக்க வேண்டும்.

“அண்ணே, கொஞ்சம் பலமா விட்டிருக்கலாமே,” என்றான் பக்கத்து மேசைத் தம்பி.

விட்டிருந்தாலும் முதல் சில நூறு வெள்ளி நம் பையிலிருந்துதான். அதற்குமேல் கேட்டாலோ, 5 ஆண்டு கிளெய்ம் கேட்காமல் சேர்த்த 50 விழுக்காட்டுத் தள்ளுபடி 20-க்கு இறங்கும். வாங்கிய காப்புறுதியைப் பயன்படுத்தாமல் இருப்பதற்குத்தான் பரிசு!

என் பள்ளமாவது டயரோடு விட்டது; 2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங்கில் சாலையே வாய் பிளந்து ஒரு காரை விழுங்கியது. பக்கத்துக் கட்டுமானத் தளத்தின் மேற்பார்வையாளர் பிச்சை உடையப்பன் சுப்பையாவும் சக ஊழியர்களும் கயிறு வீசி, ஓட்டி வந்த பெண்மணியைச் சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டார்கள். படிவம், புகைப்படம், பட்டறை மதிப்பீடு எதுவும் கேட்கவில்லை.