பிராத்மிக் அத்தையும் ராமானந்த சாகரும்

எங்கள் ஊருக்கு டிவி வந்த காலத்தில் அது பெரும்பாலும் மூன்று மொழிகளில் பேசியது: சிங்களம், இந்தி, ஆங்கிலம். எங்களுக்குத் தெரிந்தது நான்காவது மொழி. ஆங்கிலம் தெரியும் என்று நம்பப்பட்டவர் ஊரில் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆங்கிலச் செய்தி தொடங்கியதும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டு, "நம்மளப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. அவர்களுக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்றே சொந்தமாக ஒரு நிலையம் வாய்த்துவிட்டது. சின்ன வயது டிவி ஞாபகம் என்று அவர்கள் ஆரம்பித்தால் 'ஒளியும் ஒலியும்', 'வயலும் வாழ்வும்', 'எதிரொலி' என்று எல்லாமே தமிழாக இருக்கும். நாங்கள் திருச்செந்தூர்ப் பக்கம். சென்னையிலிருந்து புறப்படும் அலை எங்களை நோக்கி வரக்கூட யோசிக்காது. எங்களுக்குக் கிட்டத்து நாடு இலங்கை.

அங்கே ரூபவாஹினி 1982 பிப்ரவரியில், ஜப்பான்காரர்கள் உதவியோடு தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரத்தை இலங்கையிலேயே உயரமான பீதுருதாலகால மலை உச்சியில் வைத்தார்கள். மலையின் உயரம் 2524 மீட்டர். அங்கிருந்து கிளம்பும் படத்துக்கு, கரையைத் தாண்டிவிட்டால் குறுக்கே மன்னார் வளைகுடாத் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. பாஸ்போர்ட் கேட்க ஆளில்லாத கடல். நேராக எங்கள் பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில் வந்து இறங்கியது.

பெரியவர்களுக்கு இலங்கை என்றாலே ஒரு நம்பிக்கை உண்டு. அவர்கள் இலங்கை வானொலியில் வளர்ந்தவர்கள். கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் அவர்கள் வீட்டு மனுஷர்கள். ரேடியோ கொடுத்த தேசம் டிவியையும் தமிழிலேயே கொடுக்கும் என்று நினைத்துத்தான் பெரியப்பா சாலிடேர் வாங்கினார். மரக்கதவு வைத்த, பூட்டுச் சாவி உள்ள பெட்டி. பூஜை செய்து, பூட்டைத் திறந்து, குமிழைத் திருகினால் ஒரு அம்மாள் அழகாகச் சிரித்துச் சிங்களத்தில் வணக்கம் சொன்னார். தமிழ்ச் செய்தியும் உண்டு, அதுவும் தினமும் வரும். ஆனால் செய்தி பார்க்கவா ஆன்டெனாவுக்கு அவ்வளவு பெரிய குழாய் நட்டோம்?

எங்களுக்கு வேண்டியது முயல்தான். டைட்டஸ் தொட்டவத்த என்ற சிங்களத் திரைப்பட இயக்குநர், அமெரிக்க கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்கவைத்துப் பெயர் பெற்றவர். அவர் கைபட்டு பக்ஸ் பன்னி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. அதன் மகிமை சிங்களப் பிள்ளைகளுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், முயல் ஏதோ சொல்கிறது, துப்பாக்கிக்காரர் பல்லைக் கடிக்கிறார் என்பதுதான். என்ன சொல்லியிருக்கும் என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கட்சி. முயல் அவரிடம் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் ஓடுகிறது என்பது ஒரு கட்சி. அவர் மகளை அது விரும்புகிறது என்பது என் மச்சான் தலைமையிலான கட்சி. பல வருஷம் கழித்து அந்தப் படங்களை ஆங்கிலத்தில் பார்த்தேன். வெறும் வேட்டையாம். வேறு காரணமே கிடையாது. கடன் கதைதான் வலுவானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது.

பிறகு டெல்லிக்கு எங்கள் ஞாபகம் வந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி டிவிக்குக் கலர் வந்தது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஒளிபரப்புக் கோபுரங்களை நட்டார்கள். அவற்றுக்குச் சொந்தமாகப் பேசத் தெரியாது. டெல்லி சொல்வதை வாங்கி அப்படியே சொல்லும். இப்படியாக எங்கள் ஊரில் சிங்களத்தோடு இந்தியும் வந்து சேர்ந்தது. இந்திக்கு எதிராகத் தமிழ்நாட்டில் நடந்ததெல்லாம் நடந்த பிறகு, அது ஓசையில்லாமல் கூரை வழியாக இறங்கி நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டது. இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போன பெரியப்பாவே ஆன்டெனாவைத் திருப்பி வைத்தார்.

இங்கேதான் அத்தை வருகிறாள்.

அத்தை பிராத்மிக் பாஸானவள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 1918இல் காந்தி தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபா நடத்தும் பரீட்சைகளில் ஆரம்பப் படி பிராத்மிக். அதற்கு மேலே மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று ஏறிக்கொண்டே போகும். அத்தை மத்யமாவுக்குப் பணம் கட்டியிருந்த சமயத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆக, அவள் கைவசம் இருந்தது 'இது பேனா', 'ராமன் பள்ளிக்கூடம் போகிறான்' அளவிலான இந்தி. 1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை, ராமானந்த சாகரின் 'ராமாயண்' தொடங்கியபோது, அந்த ராமன் காட்டுக்குப் போனான். அத்தைக்கு அது போதும்.

தெருவே பெரியப்பா வீட்டில் இருக்கும். முன்வரிசையில் மோடா அத்தைக்கு. காப்பி முதலில் அத்தைக்கு. திரையில் தசரதன் மார்பில் அடித்துக்கொண்டு, விக்கி விக்கி, நிறுத்தி நிறுத்தி நீளமாகப் பேசுவார். முடித்ததும் கூட்டம் அத்தையைத் திரும்பிப் பார்க்கும்.

"வருத்தப்படுதாவ" என்பாள் அத்தை.

கூட்டம் "ச்சு, ச்சு" கொட்டும். பரதன் ராமன் காலடியில் விழுந்து ஒரு கால்மணி நேரம் மன்றாடுவான். "செருப்பு கேக்கான்" என்பாள் அத்தை. இதைவிடச் சுருக்கமாக அயோத்தியா காண்டத்தை எவரும் சொன்னதில்லை.

கதை எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. கோயிலில் வருஷாவருஷம் கதாகாலட்சேபம் கேட்ட கூட்டம் அது. அடுத்து என்ன நடக்கும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் அத்தை சொன்னால்தான் நடந்ததாக அர்த்தம். சிலநேரம் பாத்திரம் வாயைத் திறக்கும் முன்பே அத்தை மொழிபெயர்த்து முடித்திருப்பாள்.

தகராறு வந்தது சீதையைத் தூக்கிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை. சாகர் பெரிதும் சார்ந்திருந்தது துளசிதாசரை. எங்கள் ஆச்சிக்குத் தெரிந்தது கம்பன். கம்பனின் ராவணன் சீதையைத் தொட மாட்டான். பர்ணசாலையை நிலத்தோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போவான். டிவி ராவணன் மண்ணைத் தோண்டும் சிரமத்தையெல்லாம் மேற்கொள்ளவில்லை. ஆச்சி எழுந்துவிட்டாள். "ஏட்டி, அந்த டெல்லிக்காரனுக்குக் காகிதம் எழுது. தொடப்புடாதுன்னு சொல்லு" என்று அத்தைக்கு உத்தரவு. பிராத்மிக் அளவு இந்தியில் எழுதக்கூடிய கடிதமா அது? "எழுதிட்டேன் ஆத்தா" என்று அடுத்த வாரம் அத்தை சொல்லிவிட்டாள். சாகர் பதில் போடவில்லை என்ற குறை ஆச்சிக்குக் கடைசிவரை இருந்தது.

சண்டைக் காட்சிகளுக்கு மட்டும் அத்தை தேவைப்படவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்பு கிளம்பும். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. இரண்டும் அவசரமே இல்லாமல் ஆகாயத்தில் வந்து மூக்கோடு மூக்கு முட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில் நான் ஓடிப்போய் கடையில் சீனி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

1988 அக்டோபரில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' வந்ததும் அத்தையின் செல்வாக்கு சரிந்தது. அதில் பேசிய இந்தி, இந்திக்காரர்களையே அகராதி எடுக்கவைக்கும் சமஸ்கிருத இந்தி. தொடக்கத்தில் காலமே குரலாகப் பேசும். ஆள் இல்லை, சக்கரம்தான் சுற்றும். அத்தை அந்தச் சக்கரத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "முன்னுரை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஆனால் பிள்ளைகள் எங்களுக்கு மூன்று சொல் கிடைத்தது: பிதாஸ்ரீ, மாதாஸ்ரீ, ப்ராதாஸ்ரீ. வீட்டுக்கு வீடு இது பரவியது. கணக்குப் பரீட்சைத் தாளில் கையெழுத்து வாங்கப் போன என் மச்சான், "பிதாஸ்ரீ" என்று கைகூப்பி நின்றான். மாமா தாளை வாங்கி மார்க்கைப் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்தது துரியோதனனுக்கே கடைசி நாளில்தான் நடந்தது. பீமனாக வந்த பிரவீன் குமார் நிஜத்திலேயே 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் வட்டெறிதலில் தங்கம் வாங்கியவர் என்று யாரோ சொன்னபோது, மாமாவுக்கு அந்தத் தகுதி எங்கே கிடைத்தது என்று மச்சான் கேட்டான்.

எனக்குப் பிடித்தது 'மால்குடி டேஸ்'தான். அது என்ன சங்கிலி என்று இப்போது நினைத்தால் தலை சுற்றுகிறது. எழுதியவர் சென்னையில் பிறந்த தமிழ்க் குடும்பத்து ஆர்.கே. நாராயண், எழுதியது ஆங்கிலத்தில். படமாக்கியவர் கன்னடக்காரரான சங்கர் நாக், எடுத்த இடம் கர்நாடகத்து ஆகும்பே. இசை நம்முடைய எல். வைத்தியநாதன். எல்லாம் முடிந்து, சாமி என்ற தென்னிந்தியப் பையன் அப்பாவிடம் இந்தியில் திட்டு வாங்குவான். அதை ஒரு தமிழ்ப் பையன், தன் அப்பா வந்து எழுப்பி அடிக்கும் முன்பு, ஒரு வார்த்தை புரியாமல் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஆனாலும் சாமிக்கு நடந்த எதுவும் எனக்குப் புரியாமல் போகவில்லை. பரீட்சை, பிரம்பு, பாட்டி, பயம். இதற்கு எதற்கு பிராத்மிக்?

ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படங்கள். விருது வாங்கியவை. முறைவைத்து அசாமி, வங்காளி, ஒரியா என்று வரும். நம் முறை வருவதற்குள் முழுப்பரீட்சை லீவே முடிந்துவிடும். ஒருவர் வயல் வரப்பில் நடந்து வருவார். நெடுநேரம் நடப்பார். பெரியப்பா ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "இன்னும் வந்து சேரலியா அவரு?" என்பார். எனக்கு சத்யஜித் ராய் மீது மரியாதை உண்டு. பெரியப்பாவின் கேள்வியிலும் நியாயம் உண்டு.

எண்பதுகள் முடியும் காலத்தில் கொடைக்கானல் கோபுரம் வழியாக எங்களுக்கும் தமிழ் வந்தது. ஆன்டெனாவை வடமேற்கே திருப்பினோம். அதாவது இலங்கைக்கு முதுகைக் காட்டினோம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. முதலில் மூன்று நான்கு கறுப்பு வெள்ளைப் பாட்டுகளைப் போட்டுப் பொறுமையைச் சோதித்துவிட்டுக் கடைசியில் ஒரு புதுப் பாட்டு போடுவார்கள். அது பாதியில் இருக்கும்போது கரண்ட் போகும்.

புரிய ஆரம்பித்ததும்தான் வீட்டில் நிம்மதி போயிற்று. 'வயலும் வாழ்வும்' பார்த்துவிட்டு அப்பா அந்த வேளாண் அதிகாரியோடு நேருக்கு நேர் சண்டை போடுவார். "யூரியாவ அப்படிப் போட்டா பயிர் நிக்குமாலே?" என்று திரையைப் பார்த்துக் கேட்பார். அதிகாரி அதைப் பொருட்படுத்தாமல் பூச்சி மருந்துக்குப் போய்விடுவார். ஷோபனா ரவி செய்தி வாசிக்கும்போது பெண்கள் சேலையைப் பற்றிப் பேசுவார்கள், ஆண்கள் செய்தியைப் பற்றிப் பேசுவார்கள். இருவருக்கும் சத்தம் கேட்காது. சிங்கள முயல் காலத்தில் இப்படி ஒரு சண்டையும் நடந்ததில்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பிறகு எல்லோருக்கும் எல்லாமே புரிந்துவிட்டது. அத்தைக்கு முன்வரிசையில் மோடா போடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஊரடங்கின்போது, 2020 மார்ச் 28 முதல், தூர்தர்ஷன் 'ராமாயண்' தொடரை மறுபடி ஒளிபரப்பியது. அத்தைக்குப் பேரப்பிள்ளையே வந்துவிட்ட வயது. பெங்களூரில் படித்து, இந்தியைத் தண்ணீராகப் பேசும் பேத்தி பக்கத்தில். தசரதன் பேசி முடித்ததும், பழக்கதோஷத்தில் நாங்கள் அத்தையைப் பார்த்தோம். அதற்குள் பேத்தி ஆரம்பித்துவிட்டாள். ரகுகுலத்தின் வழக்கம், வாக்குறுதி, உயிர், அறம் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரியான தமிழ். திரையில் தசரதன் அடுத்த மூர்ச்சைக்கே போய்விட்டார், அவள் முந்தினதை முடிக்கவில்லை. அத்தை எட்டிப் பார்த்து, "வருத்தப்படுதாவ, அவ்ளதானே?" என்றாள்.

பேத்திக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தொடரை இனி எப்போதாவது போட்டால் பாருங்கள், அம்புகள் இப்போதும் மெதுவாகத்தான் வருகின்றன. ஆனால் இந்தி தெரிந்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள்.