கடைசி மெஷின் வரை

தொண்ணூறுகளின் நடுவில், தஞ்சாவூரில் நாங்கள் கம்ப்யூட்டர் படித்த அறையில் நெட்வொர்க் என்பது கையால் தொடக்கூடிய பொருள். சுவரோரமாக ஒரு கறுப்புக் கோஆக்ஸ் கேபிள் ஓடும். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் டி வடிவ பிஎன்சி இணைப்பு இருக்கும். கேபிளின் இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர். 10 பேஸ் 2 என்ற அந்த முறையில் ஒரே கேபிள் 185 மீட்டர் வரை போகலாம், 30 கம்ப்யூட்டர் வரை தாங்கும். நடுவில் ஓர் இணைப்பு கழன்றாலும் மொத்தமும் படுத்துவிடும். மேஜைக்கடியில் ஊர்ந்து, ஒவ்வோர் இணைப்பாகத் திருகிப் பார்த்துத்தான் கோளாறைக் கண்டுபிடிப்போம்.

விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைக் கொடுத்தது. ஆனால் அது முதலில் போய்ச் சேர்ந்தது சென்னை போன்ற பெருநகரங்களுக்கு. எங்கள் நெட்வொர்க் அந்த அறைச் சுவரோடு முடிந்தது. அதற்கு மேல் கற்க வேண்டுமானால் இரவு ரயில் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். நானும் போனேன், என்னோடு படித்தவர்களில் பலரும் போனார்கள்.

இன்று நிலைமை வேறு. தஞ்சாவூரிலேயே 2024இல் டைடல் நியோ தகவல்தொழில்நுட்பப் பூங்கா திறந்தாயிற்று. அண்மையில் ஊரில் சில இளைஞர்களோடு உட்கார்ந்து, மூன்று பழைய கம்ப்யூட்டர்களை இணைத்து குபெர்னெட்டீஸ் கிளஸ்டர் ஒன்றை அமைத்தோம். பல மெஷின்களில் கன்டெய்னர்களைப் பரப்பி ஓட்ட, கூகுள் 2014இல் வெளியிட்ட மென்பொருள் அது. காசு கொடுக்க வேண்டியதில்லை. உலகத்தின் பெரிய நிறுவனங்கள் ஓட்டும் அதே மென்பொருள் ஒரு தஞ்சாவூர் வீட்டு மேஜையிலும் ஓடுகிறது.

ஒரு நிரலை, அதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் சேர்த்துத் தனியாகக் கட்டி வைப்பதுதான் கன்டெய்னர். ஒரே மெஷினில் பல டஜன் கன்டெய்னர்கள் ஓடலாம். குபெர்னெட்டீஸில் அவை 'பாட்' என்ற அலகுகளாக இருக்கும். ஒவ்வொரு பாடுக்கும் சொந்த ஐபி முகவரி உண்டு. எந்த மெஷினில் இருந்தாலும் ஒரு பாட் இன்னொரு பாடை, நடுவில் முகவரி மாற்றம் எதுவுமில்லாமல், நேராக அடைய வேண்டும் என்பது விதி. விதியைச் சொல்லும் குபெர்னெட்டீஸ், அதை நிறைவேற்றும் வேலையைத் தனி மென்பொருளிடம் விட்டுவிடுகிறது. கேலிகோ, சிலியம், ஃபிளானல் என்று அதில் பல வகை.

நாங்கள் எடுத்தது ஃபிளானல். அது 10.244.0.0/16 என்ற பெரிய முகவரித் தொகுதியைப் பிரித்து, மெஷினுக்கு 256 முகவரி வீதம் கொடுக்கும். அடுத்த மெஷினுக்குப் போக வேண்டிய பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, இன்னொரு யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும். விஎக்ஸ்லேன் என்பது இந்த முறையின் பெயர். வெளியுறைக்கு 50 பைட் போவதால், 1500 பைட் கொள்ளும் பாதையில் உள்ளே 1450தான் வைக்கலாம்.

நிறுவுவதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். கட்டளை ஓடியது, எல்லாம் பச்சை காட்டியது. ஆனாலும் வேலை நடக்கவில்லை.

"சார், ஒரே மெஷின்ல இருக்கிற ரெண்டு பாடும் பேசிக்குது. அடுத்த மெஷினுக்குப் போனா நின்னுடுது. அழிச்சிட்டு மறுபடி போட்டுடலாமா?" என்றாள் ஒரு மாணவி.

"வேண்டாம்மா. பாக்கெட் எதுவரைக்கும் வருதுன்னு முதல்ல பாரு" என்றேன்.

கல்லணையில் தண்ணீர் திறந்த பிறகும் கடைமடை வயல் காய்ந்து கிடந்தால், விவசாயி வாய்க்கால் கரையோடு நடந்து, எந்த மதகில் தண்ணீர் நிற்கிறது என்றுதான் பார்ப்பார். இங்கும் வழி அதுதான். டிசிபிடம்ப் என்ற கருவியை ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பார்த்தோம். பாடிலிருந்து பாக்கெட் கிளம்பியது. உறை போட்டுக்கொண்டு மெஷினை விட்டு வெளியேறியது. இரண்டாவது மெஷினின் நெட்வொர்க் கார்டு வரைக்கும் வந்து சேர்ந்தது. உறையைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் அது இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஃபயர்வால். ஃபிளானல் பயன்படுத்தும் யுடிபி 8472 போர்ட் அதில் மூடியிருந்தது. திறந்ததும் மூன்று மெஷின்களிலும் இருந்த பாடுகள் ஒன்றையொன்று அடைந்தன.

மாணவி அதோடு விடவில்லை. போர்ட்டைத் தானே மறுபடி மூடி, பாக்கெட் நிற்கும் இடத்தைப் பக்கத்திலிருந்த தம்பியைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். அன்றைக்கு நான் பார்த்ததிலேயே மனம் நிறைந்த வேலை அதுதான்.

அன்று எங்களுக்குக் கேபிள் தெரிந்தது, உலகம் எட்டவில்லை. இன்று இவர்களுக்கு உலகம் எட்டுகிறது, கேபிள் தெரிவதில்லை. ஆயத்தக் கட்டளையை ஓட்டுவதோடு பாடம் முடிந்துவிட்டால், கோளாறு வரும் நாளில் அழித்துவிட்டு மறுபடி போடுவதைத் தவிர இவர்களுக்கு வேறு வழி தெரியாது. டெல்டாவின் கல்லூரிகள் ஆய்வகத்தில் மூன்று பழைய மெஷின்களை ஒதுக்கி, மாணவர்களே கையால் முகவரி பிரித்து, பாதை எழுதி, பாக்கெட்டைப் பின்தொடர்ந்து பார்க்க விட வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கும் ஆசிரியர் இருந்தால் போதும்.