ஒரு சம்மட்டி, நாலு டாலர், கொஞ்சம் பட்டாம்பூச்சி

கோஸ்டாரிகாவுக்குச் சுதந்திரம் தபாலில் வந்தது. 1821 செப்டம்பர் 15 அன்று குவாத்தமாலா நகரத்துப் பெரிய மனிதர்கள் கூடி, ஸ்பெயினுக்குத் தலைமுழுகியாயிற்று என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சேதி மலையும் சேறும் தாண்டி கார்டகோ என்கிற ஊருக்கு வந்து சேர்ந்தபோது அக்டோபர் 13. நடுவில் ஒரு மாதம், தாங்கள் விடுதலையாகிவிட்டது தெரியாமலே ஜனங்கள் ராஜாவுக்கு விசுவாசமாக இருந்திருக்கிறார்கள்.

கூடவே நிகராகுவாவின் லியோன் நகரத்திலிருந்து இன்னொரு காகிதமும் வந்தது. ஸ்பெயினிடமிருந்து பிரிகிறோம், ஆனால் இன்றைய மேகங்கள் கலைகிற வரைக்கும்தான் என்று அதில் எழுதியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜியை முடித்துவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்பார்களே, அந்த ஜாதி சுதந்திரப் பிரகடனம்.

இந்த நாட்டுக்குப் பெயர் வைத்ததே ஏமாந்த கதைதான். 1502-இல் கொலம்பஸ் அந்தக் கரையில் இறங்கியபோது பழங்குடியினர் தங்கம் அணிந்திருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தார். பின்னால் ஸ்பானியர்கள் ‘வளமான கரை’ என்று பெயரே சூட்டிவிட்டார்கள். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது. தோண்டினால் தங்கம் இல்லை. தோண்டுவதற்கு ஆளும் இல்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோயிலும் வாங்கிய வேலையிலும் பழங்குடிகளில் பெரும்பாலோர் மடிந்துவிட்டார்கள். 1719-இல் இருந்த கவர்னர், அமெரிக்கக் கண்டத்திலேயே தரித்திரம் பிடித்த இடம் இதுதான் என்று மேலிடத்துக்குப் புலம்பல் கடிதம் எழுதினார். கவர்னரே மண்வெட்டி எடுத்தால்தான் கவர்னர் வீட்டில் அடுப்பெரியும் என்கிற நிலைமை. நாணயம் கிடையாது, கொக்கோ கொட்டைதான் காசு.

எல்லாரும் சமமாக ஏழைகளாக இருந்ததால் அங்கே ஜனநாயகம் தானாக முளைத்தது என்று அந்த ஊர்ப் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. இதைப் பாதிக்கு மேல் நம்ப வேண்டாம். அங்கேயும் அடிமைகள் இருந்தார்கள், மைனர்கள் இருந்தார்கள். 1860-இல் ஒரு மாஜி ஜனாதிபதியை நிற்கவைத்துச் சுட்டார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. திருடுவதற்கு ஒன்றும் இல்லாத வீட்டுக்கு யாரும் பெரிய பூட்டு போடுவதில்லை. ராஜாவும் பெரிதாகக் காவல் வைக்கவில்லை, ஜமீன்தார்களுக்கும் பெருத்து வளரத் தீனி இல்லை. மற்ற எல்லாரையும் அடக்கி ஆளும் அளவுக்கு யாருக்குமே தெம்பு இல்லை என்பதுதான் அந்த நாட்டின் முதல் அரசியல் சட்டம்.

தெம்பு இல்லையே தவிர, வீம்பு இருந்தது. தலைநகரம் எது என்று நாலு ஊர்களுக்குள் சண்டை. 1834-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: கார்டகோ, சான் ஹோசே, எரெதியா, அலஹுவேலா, ஊருக்கு நாலு வருஷம் தலைநகரம் மாறி மாறிப் போகும். வயசான அம்மாவை நாலு பிள்ளைகள் முறைவைத்துச் சோறு போடுகிற ஏற்பாடு. அந்த ஏற்பாடு எந்த வீட்டில் நிலைத்திருக்கிறது? அடுத்த வருஷமே மூன்று ஊர்கள் சேர்ந்துகொண்டு சான் ஹோசேமேல் படையெடுத்தன. சான் ஹோசே ஜெயித்து, அம்மாவைத் தன்னோடேயே வைத்துக்கொண்டது.

பிறகு காப்பி வந்தது. அரசாங்கமே நாற்றை இலவசமாகக் கொடுத்து ‘நடு, நடு’ என்று தொந்தரவு செய்தது. 1840-களில் லண்டனுக்கு நேராகக் கப்பலில் மூட்டைகள் போக ஆரம்பித்தன. கையில் காசு புரண்டதும் காப்பிப் பிரபுக்கள் வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்தார்கள்: வேண்டியவரை ஜனாதிபதி ஆக்கினார்கள், வேண்டாதவரை இறக்கினார்கள், ஐரோப்பா பாணியில் ஒரு தேசிய நாடக அரங்கும் கட்டினார்கள். 1897-இல் திறந்த அந்த அரங்கின் கூரையில் காப்பியையும் வாழையையும் போற்றி ஒரு பிரம்மாண்ட ஓவியம் இருக்கிறது. வரைந்தவர் இத்தாலிக்காரர். படத்தில் மலைப்பயிரான காப்பியைக் கடற்கரையில் பறிக்கிறார்கள். நடுநாயகமாக நிற்கும் ஆசாமி, ஜென்மத்தில் வாழைத்தாரைத் தூக்கியறியாதவன் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வேறு நாடாக இருந்தால் வெள்ளையடித்து மறைத்திருப்பார்கள். இவர்கள் அதை அஞ்சு கொலோன் நோட்டிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

காப்பிப் பிரபுக்கள் யோசிக்காமல் செய்த ஒரே காரியம், பள்ளிக்கூடம். 1869 அரசியல் சட்டத்திலேயே ஆரம்பக் கல்வி இலவசம், கட்டாயம் என்று எழுதிவைத்தார்கள். சிப்பாய்களைவிட எங்களிடம் வாத்தியார்கள் அதிகம் என்று பின்னாளில் பெருமை வேறு. வாத்தியார்களைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது 1919-இல் தெரிந்தது. இரண்டு வருஷம் முன்பு, யுத்த மந்திரியாக இருந்த ஃபெடரிகோ தினோக்கோ தன் ஜனாதிபதியையே கவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மாக்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்வலமாகக் கிளம்பினார்கள்; ஜால்ரா பத்திரிகை ஒன்றின் அலுவலகம் தீக்கிரையானது. ஆகஸ்டில் தினோக்கோவின் தம்பியைத் தெருவில் யாரோ சுட்டுக் கொல்ல, அண்ணன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்.

இனி 1948. முந்தைய ஆட்சிக்காரர் டாக்டர் கல்தெரோன் நல்ல காரியம் பல செய்தவர். சமூகக் காப்பீடு, தொழிலாளர் சட்டம் எல்லாம் அவர் கைங்கரியம். அதற்காக ஆர்ச்பிஷப்பையும் கம்யூனிஸ்ட் தலைவரையும் ஒரே பக்கம் நிற்கவைத்த சாமர்த்தியசாலி. ஆனால் பந்தியில் நன்றாகப் பரிமாறுகிறவர் கரண்டியை விடுவதில்லை. பிப்ரவரித் தேர்தலில் அவர் மறுபடி நிற்க, எதிர்த்து நின்ற பத்திரிகை அதிபர் ஒட்டிலியோ உலாத்தே ஜெயித்தார். வாக்குச்சீட்டுகள் வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தது. நாடாளுமன்றம் தேர்தலே செல்லாது என்றது.

இங்கேதான் ஹோசே ஃபிகேரெஸ் மேடையேறுகிறார். குள்ளமான ஆள், வாய் நீளம். கற்றாழை நாரில் கயிறும் சாக்கும் செய்கிற தோட்டக்காரர். தோட்டத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘முடிவில்லாப் போராட்டம்’. 1942-இல் ரேடியோவில் அரசைத் திட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் புகுந்து நிறுத்தி நாடு கடத்தியது. அந்தக் கோபம் ஆறவே இல்லை. தோட்டத்தையே பாசறையாக்கிக் கிளம்பிவிட்டார். 44 நாள் உள்நாட்டுப் போர், சுமார் 2,000 பேர் செத்தார்கள். சின்ன நாட்டுக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை.

‘ஜெயித்த உலாத்தேயை உட்காரவைக்கத்தான் போராடினேன்’ என்றவர், ஜெயித்ததும் ‘ஒரு பதினெட்டு மாசம் பொறுங்கள், வீட்டை ஒழுங்குபண்ணிவிட்டுத் தருகிறேன்’ என்று தானே உட்கார்ந்துவிட்டார். தந்தாரே, அதுதான் அதிசயம். அதற்குள் வங்கிகளை அரசுடைமையாக்கினார், பணக்காரர் சொத்துக்குப் பத்து சதவீதம் வரி போட்டார். பணம் கொடுத்து அவரை ஜெயிக்கவைத்த பிரபுக்கள் பேயறைந்தவர்கள் மாதிரி ஆனார்கள். பெண்களுக்கு ஓட்டு வந்தது. வாழைத் தோட்டத்துக்கு ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு 1949-க்குப் பிறகுதான் ஒழுங்கான குடியுரிமையே.

1948 டிசம்பர் 1. பெல்லாவிஸ்டா கோட்டை. ஃபிகேரெஸ் ஒரு சம்மட்டியைத் தூக்கி, கொத்தளத்தின் சுவரில் ஓங்கி ஒன்று போட்டார். இன்று முதல் இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது; கோட்டை இனி அருங்காட்சியகம். மகான் என்று உடனே கற்பூரம் ஏற்ற வேண்டாம். அந்த ராணுவம் ஏற்கெனவே சோனி. தன்னைக் கவிழ்க்கக்கூடிய ஒரே கும்பலை, கவிழ்ப்பதற்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிய புத்திசாலித்தனமும் அதில் உண்டு. இதில் வேடிக்கை, ராணுவத்தைக் கலைக்கலாம் என்று யோசனை சொன்னவரே பாதுகாப்பு மந்திரி எட்கர் கார்டோனாதான். நாலே மாதத்தில் அதே கார்டோனா அதே பெல்லாவிஸ்டாவைப் பிடித்துக்கொண்டு, அரசுக்கு எதிராகக் கலகம் செய்தார். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு பெரியவர் உண்டு. ‘அஞ்சு வருஷம் மிலிட்டரி கையில கொடுத்துப் பாருப்பா, நாடு உருப்படும்’ என்பது அவருடைய காலை ஆறு மணி சுப்ரபாதம். இந்தச் சம்மட்டிக் கதையை அவரிடம் சொன்னேன். டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: ‘சரி தம்பி, பக்கத்து நாட்டுக்காரன் வந்துட்டா?’

நியாயமான கேள்வி. வந்தான். நிகராகுவாவின் சர்வாதிகாரி சோமோசாவிடம் மிலிட்டரி ஏராளமாக இருந்தது. 1955 ஜனவரியில் அவர் ஆதரவோடு ஒரு படை எல்லை தாண்டியது. அதற்கிடையே, ஆம்பளையாக இருந்தால் துப்பாக்கியோடு ஒத்தைக்கு ஒத்தை வா என்று, அப்போது தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியாகியிருந்த ஃபிகேரெஸுக்கு அறைகூவல் வேறு. கோடை வெயிலில் திரிகிற ஆட்டைவிட முற்றிய பைத்தியம் என்று பதில் போனது. அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட, அமெரிக்கா நாலு போர் விமானங்களைக் கோஸ்டாரிகாவுக்கு விற்றது. விலை, விமானத்துக்கு ஒரு டாலர். ஆக, நாட்டின் அவசரப் பாதுகாப்புச் செலவு நாலு டாலர். படை வந்த வழியே திரும்பியது.

சோமோசா குடும்பம் 1979 வரை நிகராகுவாவை ஆண்டது. மிலிட்டரிக்குப் பஞ்சமில்லை, அஞ்சு வருஷத்துக்குப் பதில் நாற்பது வருஷத்துக்கு மேல் கிடைத்தது. இன்று நிகராகுவாக்காரர்கள் வேலை தேடி எல்லை தாண்டிப் போவது கோஸ்டாரிகாவுக்குத்தான். அங்கே தலைக்கு வருமானம் பல மடங்கு. சராசரி ஆயுள் ஏறத்தாழ 80 வருஷம். மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க ஆறு, காற்று, எரிமலைச் சூட்டிலிருந்து.

அதற்காக எல்லாம் பாலாறும் தேனாறும் என்று இல்லை. 1981-இல் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தார்கள். ஃபிகேரெஸே 1970-களில் மறுபடி ஜனாதிபதியாக இருந்தபோது, அமெரிக்காவில் கோடிக்கணக்கில் சுருட்டிவிட்டு ஓடிவந்த ராபர்ட் வெஸ்கோவுக்கு அடைக்கலம் கொடுத்து மானத்தை வாங்கினார். ஆனால் திவாலான வருஷத்திலும் தேர்தல் தேதி தள்ளிப்போகவில்லை. தேர்தல் காலத்தில் போலீஸ்கூடத் தேர்தல் மன்றத்தின் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும். 1958-இல் ஃபிகேரெஸ் கட்சி இரண்டாக உடைந்து தோற்றபோது, எதிராளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். சம்மட்டி அடித்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். சம்மட்டிக்கு ஃபோட்டோக்காரர்கள் வந்திருந்தார்கள்.

பெல்லாவிஸ்டா கோட்டைச் சுவரில் 1948 குண்டுத் தழும்புகளை இன்றைக்கும் பார்க்கலாம். டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்ததும் பட்டாம்பூச்சித் தோட்டம். சிப்பாய்கள் பரேடு எடுத்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களை அதட்டுவதற்கு டீச்சர்.

ஃபிகேரெஸின் மகன் ஹோசே மரியாவை மேல்படிப்புக்கு அனுப்பினார்கள். எங்கே? அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமிக்கு. 1979-இல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லை, பாவம். 1994-இல் ஜனாதிபதி ஆனார்.