கம்பாலா சீனியர்

கம்பாலாவில் முசுங்குகளை, அதாவது வெள்ளைக்காரர்களை, இனம் பிரிப்பது சுலபம். (என்னைப் போன்ற இந்தியர்களை ‘முயிண்டி’ என்று தனிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.) உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த காக்கி உடுப்பு என்றால் கொரில்லா பார்க்க வந்தவர், நாளைக்கு ஊரில் இருக்கமாட்டார். லேண்ட் குரூசரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனால் தொண்டு நிறுவனம். கிட்டாரும் பைபிளும் என்றால் ஊழியம். இடுப்பில் ஓர் உகாண்டாக் குழந்தை, அக்குளில் பிளாஸ்டிக் ஃபைல், முகத்தில் யாரோ போடவேண்டிய கையெழுத்துக்காக ஏங்கும் களை என்றால் தத்தெடுக்க வந்தவர். அதிலும் காலில் உள்ளூர்ச் செருப்பு, ‘போடா போடா’ என்ற வாடகை பைக்காரனிடம் பேரம் தொடங்குமுன் அவன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்ற விசாரிப்பு, இரண்டும் சேர்ந்திருந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லுங்கள். அந்த அம்மாள்தான் சீனியர்.

சீனியர் பெரும்பாலும் அம்மாள்தான். கணவருக்கு லீவு தீர்ந்துவிடும். அவர் ஊருக்குத் திரும்பி, சம்பாதித்து, வாடகை அனுப்பி, தினமும் வீடியோவில் வந்து கையாட்டுவார். ‘அப்பா எங்கே?’ என்று கேட்டால் குழந்தை செல்போன் சார்ஜரைக் காட்டும்.

இந்த வர்க்கம் தழைத்ததற்குச் சட்டம்தான் காரணம். பழைய சட்டப்படி வெளிநாட்டார் தத்தெடுக்க வேண்டுமானால் மூன்றாண்டு குழந்தையை வளர்த்துக் காட்டவேண்டும். யார் உட்கார்ந்திருப்பது? தத்தை விட்டுவிட்டு, ‘சட்டப் பாதுகாவலர்’ என்று நீதிமன்ற உத்தரவு வாங்கிக்கொண்டு குழந்தையோடு விமானம் ஏறினார்கள். அவசரத்தில் அநாதை என்று தாளில் எழுதப்பட்ட பல குழந்தைகளுக்குக் கிராமத்தில் தாயோ பாட்டியோ இருந்தது பிறகு வெளியே வந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தியது நியாயம்தான் என்று எனக்கும் படுகிறது. இப்போது பாதுகாவலர் உத்தரவு உகாண்டாக்காரர்களுக்கு மட்டும். வெளிநாட்டார் இங்கேயே ஓராண்டு குடியிருக்கவேண்டும். ஓராண்டு குழந்தையை வளர்த்துக் காட்டவேண்டும். விசேஷச் சூழ்நிலை என்று உயர் நீதிமன்றம் கருதினால் விலக்கு உண்டு. தங்கள் கேஸ் விசேஷச் சூழ்நிலைதான் என்ற உறுதியோடு ஒவ்வொரு தம்பதியும் மூன்று மாதத் துணிமணியுடன் என்டெபே விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள்.

முயெங்கா மேட்டில் ஒரு விருந்தினர் விடுதி. காலைப் பலகாரம். புதுத் தம்பதி கிருமிநாசினியால் மேஜை, நாற்காலி, ஸ்பூன், குழந்தை எல்லாவற்றையும் துடைத்து முடித்திருக்கிறார்கள். எதிரே சீனியர் பலாச்சுளையைக் கையாலேயே பிய்த்துக்கொண்டிருக்கிறார்.

“எங்க ஃபைல் ரெடியாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க,” என்கிறான் புதியவன்.

“எந்தத் திங்கட்கிழமைன்னு சொன்னாங்களா?”

“வர்ற திங்கள்தானே?”

சீனியர் பதில் சொல்வதில்லை. பலாக்கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, “எல்.சி. சேர்மன் லெட்டர் வாங்கியாச்சா?” என்கிறார்.

புதியவனிடம் எல்லாம் இருக்கிறது. மனநல மருத்துவர் சான்று, வங்கிச் சான்று, குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்று, இவர்கள் நல்ல பெற்றோராக இருப்பார்கள் என்று சொந்த ஊர் அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதிய அறிக்கை. சேர்மன் லெட்டர் மட்டும் இல்லை. அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. உகாண்டாவில் நிர்வாகத்தின் முதற்படி கிராமக் கவுன்சில்; அதன் தலைவர்தான் இன்னார் இன்ன இடத்தில் குடியிருக்கிறார் என்று கடிதம் தந்து முத்திரை குத்துகிறவர். சில சேர்மன்கள் முத்திரையைப் பையிலேயே வைத்திருப்பார்கள். நம்முடையவர் எப்போது கடையில் இருப்பார், எப்போது சாவுக்குப் போவார், இங்க் பேட் எப்போது காய்ந்துபோகும் என்பதெல்லாம் சீனியருக்கு அத்துப்படி. சொந்தமாகவே ஒரு இங்க் பேட் கைப்பையில் வைத்திருக்கிறார்.

சட்டம் கேட்கும் வேறொரு தகுதி வயது. தத்தெடுப்பவர் இருபத்தைந்து வயதை எட்டியிருக்கவேண்டும். குழந்தையைவிட இருபத்தொரு வயதாவது மூத்தவராக இருக்கவேண்டும். அலுவலக நேரத்தில் ஜிஞ்சா ரோடு ஜாமில் ஒருமுறை மாட்டினால் இந்தத் தகுதி தானாக வந்துவிடும் என்பது சீனியர் வாக்கு.

ஆனால் புதியவர்கள் தேறவேண்டிய உண்மையான பரீட்சை எந்தச் சட்டத்திலும் இல்லை. அது நகசேரோ மார்க்கெட்டில் நடக்கிறது. கம்பாலா பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் லேசாகக் குளிரும். பனிக்கட்டி நாட்டிலிருந்து வந்த புது அம்மாவுக்கு அது கோடைக்காலம். குழந்தைக்குக் கையில்லாத பனியன் போட்டு, முன்பக்கமாகத் தொட்டில் பையில் கட்டிக்கொண்டு, பூரிப்போடு தக்காளிக் கடைக்கு வருகிறாள். நான்கு நான்காகக் கோபுரம் கட்டி வைத்த தக்காளிக்குப் பின்னால் கடைக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். விலை சொல்லவில்லை. எட்டிக் குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்துப் பார்க்கிறார்.

“பாம்பி! ஐயோ பாவம், சில்லுன்னு இருக்கே! ன்யாபோ, சாக்ஸ் எங்கே?”

“வெயிலாத்தான் இருக்கு...”

“ஸ்வெட்டர் எங்கே? குல்லாய்?”

பக்கத்துக் கடையிலிருந்து வெங்காயக்காரம்மா எழுந்து வருகிறார். அவர் கருத்தில் குழந்தையைக் கட்டியிருப்பதே தப்பு. பிள்ளையை முதுகில் அல்லவா கட்டவேண்டும், வயிற்றில் கட்டினால் அது எதைப் பார்க்கும்? வாழைத்தார் சுமந்து போனவன் தாரை இறக்கிவைத்துவிட்டு, குழந்தைக்கு வாழைக்காய் மத்தோகே கொடுக்கிறாளா, இல்லை அந்த டப்பாச் சாமானா என்று விசாரிக்கிறான். புது அம்மா, கேட்காத கேள்விக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் விளக்கம் சொல்கிறாள். அவளுடைய மனநலச் சான்றை அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. கடைசியில் வெங்காயக்காரம்மா தன் கெட்டித் துணியை அவிழ்த்து, கழுத்திலிருந்து கால்வரை சுற்றி, குழந்தையை அவள் முதுகில் ஏற்றி முடிச்சுப் போட்டுவிடுகிறார். குழந்தை தூங்கிவிடுகிறது. அன்று அவள் தக்காளி வாங்காமலே திரும்பிவிடுகிறாள்.

சீனியரின் குழந்தையைப் பாருங்கள். கம்பளிக் குல்லாய், ஸ்வெட்டர், இரட்டை சாக்ஸ். நடுப்பகலில் மூக்கு நுனி வியர்க்கும். வழியில் எந்தக் கிழவியும் வாய் திறப்பதில்லை. “விடுதிக்குள்ள வந்ததும் கழட்டிடுவேன்,” என்று காதோடு சொல்வார். இதைவிடப் பெரிய தொழில் ரகசியம் அவரிடம் கிடையாது.

வீட்டைப் பார்க்க, குழந்தைநலம் கவனிக்கும் புரொபேஷன் அதிகாரி வரும் நாளில் விடுதியே பெண் பார்க்கும் வீடாகிவிடும். சீனியர்தான் பெரியம்மா. தரையில் கிடக்கும் பொம்மைகளை எல்லாம் ஒளிக்காதே, நாலைந்தை விட்டுவை. பிள்ளை விளையாடுகிற வீடு என்று தெரியவேண்டும். டீ போடு, இஞ்சி தட்டிப் போடு. அவர் பேசும்போது குறிப்பு எடுக்காதே, பயப்படுவார். குழந்தை அவர் மடியில் ஏறினால் இறக்காதே. ஏறாவிட்டால் ஏற்றாதே. அதிகாரியும் பாவம், ஒரு பைக்கில் பெரிய வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவர். டீயைக் குடித்து, குழந்தைக்கு உகாண்டா வழக்கப்படி பெரியவர்களுக்கு மண்டியிட்டு வணக்கம் சொல்லத் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பார். அப்போது ஆன்ட்டி கதவோரத்தில் நின்று கண்ணைக் காட்டுவாள். குழந்தை மண்டியிடும்.

ஆன்ட்டி என்றால் அத்தை, சித்தி முறை இல்லை. பிள்ளை பார்க்கும் பெண்களைக் கம்பாலாவில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளைப் பற்றிப் பிறகு.

காத்திருப்பில் ஒரு மாதிரி உடம்பும் மாறிவிடுகிறது. சீனியர் காலையில் சாப்பிடுவது ரோலெக்ஸ்: தெருவோரக் கல்லில் முட்டையோடு வெங்காயமும் முட்டைக்கோசும் அடித்து ஊற்றி, சப்பாத்தியில் சுருட்டித் தாளில் மடித்துத் தருவது. சப்பாத்தி நம் ஆட்கள் கொண்டுபோனது. 1972இல் இதி அமீன் ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் கெடு வைத்து விரட்டினார். சப்பாத்திக்குக் கெடு வைக்க மறந்துவிட்டார். மின்சாரத்துக்கு முன்பணம் கட்டினால் வரும் இருபது இலக்க எண்ணை மீட்டரில் இருட்டிலேயே தட்டிவிடுவார் சீனியர். கயப்வேயில் பூமத்திய ரேகைக் கோட்டின் மேல் நிற்கும் போட்டோ அவரிடம் நிறைய இருக்கிறது, வந்துபோன எல்லாருடைய மாமியாருடனும். அங்கே கோட்டுக்கு இப்பக்கம் ஒரு விதமாகவும் அப்பக்கம் வேறு விதமாகவும் தண்ணீரைச் சுழலவிட்டுக் காட்டுவார்கள். கண்கட்டு என்று தெரிந்தே காசு கொடுப்பார். “அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கே,” என்பார்.

அப்புறம் ஒரு நாள் உத்தரவு வந்துவிடும். குழந்தைக்கு பாஸ்போர்ட், தூதரகம், விசா என்று இன்னொரு சுற்று முத்திரை முடிந்து, டிக்கெட்டும் வாங்கியாகிவிடும். விடுதியில் சீனியரின் சொத்துகள் ஏலத்துக்கு வரும். கொசுவலை, இஸ்திரிப் பெட்டி, சார்ஜர் விளக்கு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்காகத் தைத்த, தோள் புடைத்த கோமேசி உடுப்பு (அந்தப் பெயர் கோவாக்காரத் தையற்காரர் ஒருவரால் வந்தது), பாதி தீர்ந்த இங்க் பேட். கொசுவலைக்கே போட்டி பலமாக இருக்கும். ஆனால் எல்லார் கண்ணும் ஆன்ட்டிமேல்தான். மலேரியாக் காய்ச்சலைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவள். அழுகிற பிள்ளையை முதுகில் போட்டு ஒரே தட்டில் தூங்கவைப்பவள். கையில் சேர்மனின் போன் நம்பரும் வைத்திருப்பவள்.

மூன்று குடும்பங்கள் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போகின்றன. ஒருத்தி ஞாயிறு லீவு என்கிறாள். இன்னொருத்தி சனியும் லீவு என்கிறாள். சீனியர் பரிந்து பேச வாயெடுக்கிறார். ஆன்ட்டி அவரை அடக்கிவிட்டு, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறாள். ஒவ்வொரு தம்பதியாகக் குழந்தையோடு கூப்பிடுகிறாள். கையால் ஊட்டுவார்களா, ஸ்பூனாலா? ராத்திரி பிள்ளையைத் தனி அறையில் போடுவார்களா? இது யார் பிள்ளை, எந்த ஊர், பாட்டி உயிரோடு இருக்கிறாளா, அவளைப் போய்ப் பார்த்தார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு புருஷன் ஃபைலைத் திறக்கப் பார்க்கிறான். மூடச் சொல்லிவிடுகிறாள். பிறகு குனிந்து, மூன்று குழந்தைகளின் உள்ளங்கால்களையும் வரிசையாகத் தொட்டுப் பார்க்கிறாள்.

“யாருன்னு முடிவு பண்ணிட்டியா?” என்று சீனியர் ஆவலாகக் கேட்கிறார்.

“திங்கட்கிழமை வரச் சொல்லுங்க,” என்கிறாள் ஆன்ட்டி.