கதவைத் திறந்தால்தான் காது கேட்கும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயர் இன்னும் மூச்சு விடுகிறதா? போன வாரம் போனில், "அண்ணன் கப்பல்ல போச்சாமே, அங்க மைக்செட்டு எப்படிடா?" என்று கேட்டீர்கள். கடல் எப்படி, சாப்பாடு எப்படி என்று ஊரே கேட்டது. மைக்செட்டைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். பாபநாசம் பக்கத்தில் பாதிக் கல்யாணங்களுக்குக் குழாய் கட்டியவருக்கு அந்தக் கேள்விதானே வரும்! போனில் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு இங்கே ஜூன் மாதம் பள்ளி விடுமுறை. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பல். நாங்கள் எடுத்தது ஜன்னல் இல்லாத உள்ளறை. ஜன்னல் வேண்டுமென்றால் கூடுதல் காசு, பால்கனி வேண்டுமென்றால் குறுவைச் செலவு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா உள்ளே நுழைந்து கட்டிலில் உட்கார்ந்து முதலில் பார்த்தது கூரையைத்தான். "அந்தா ஸ்பீக்கரு" என்றார். தம்பியின் தொழில் அண்ணன் கண்ணிலும் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாய், சல்லடை போட்ட ஸ்பீக்கர். அது வாயையே திறக்கவில்லை.

ஆனால் எங்கோ யாரோ பேசுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கப்பல் அறைக் கதவு தீயைத் தடுப்பதற்கென்றே செய்த கனமான கதவு. தீயைத் தடுக்கிறதோ இல்லையோ, பேச்சைத் தடுத்துவிடுகிறது. "என்னமோ சொல்றான்டா, திற திற" என்பார் அப்பா. நான் எழுந்து, பிள்ளைகளின் செருப்பைத் தாண்டி, கதவை இழுத்துத் திறப்பதற்குள் ஆங்கிலம் முடிந்திருக்கும். அடுத்து சீனம். அதுவும் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு டிங் என்று ஒரு மணி. சிங்கப்பூரில் ரயிலடிக்குப் போனால்கூட அறிவிப்பு தமிழில் வரும். கப்பலில் அந்தச் சலுகை இல்லை.

தலையை வெளியே நீட்டிப் பார்த்தால், நீண்ட நடைவழி முழுக்க இரண்டு பக்கமும் தலைகள். திருவாரூரில் ஆழித்தேர் வீதி திரும்பும்போது வாசலுக்கு வாசல் எட்டிப் பார்ப்பார்களே, அப்படி. ஒருவரை ஒருவர் பார்த்து, "என்ன சொன்னான்?" என்று நான்கைந்து மொழியில் கேட்டுக்கொள்கிறோம். யாருக்கும் தெரியவில்லை. எல்லாக் கதவுகளும் சாத்திக்கொள்கின்றன.

இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது சித்தப்பா. பெரும்பாலான கப்பல்களில் அன்றாட அறிவிப்பை நடைவழிக்கும், மேல்தளத்துக்கும், சாப்பாட்டுக் கூடத்துக்கும் மட்டுமே அனுப்புகிறார்கள். அறைக்குள் இருப்பவன் தூங்குவான், பிள்ளையைத் தூங்க வைப்பான், அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ஏற்பாடு. அறைக்குள் இருக்கும் ஸ்பீக்கர் ஆபத்துக் காலத்துக்கு மட்டும். மற்றதைக் கேட்டே ஆகவேண்டும் என்பவன் கதவைத் திறந்துகொள்ளலாம்.

இதை அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நம்மூரில் ஓர் அறிவிப்பைத் தவறவிட்டால் நஷ்டம். சங்கத்தில் யூரியா வந்திருக்கிறது என்பார்கள், அரை மணி தாமதமாய்ப் போனால் சாக்கைத்தான் பார்க்கலாம். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் என்பார்கள். கொள்முதல் நிலையத்தில் நாளைக்கு யார் யார் நெல்லுக்கு முறை என்பார்கள். எழுபது வயதுவரை அப்படிக் காதைத் தீட்டி வைத்திருந்த மனிதரிடம், "அதெல்லாம் சும்மாப்பா, படுங்க" என்றால் படுப்பாரா? அறைக்குள் இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடைவழியில் போட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, ஸ்பீக்கருக்கு நேர்கீழே உட்கார்ந்துவிட்டார். போகிற வருகிற வெள்ளைக்காரப் பாட்டிகள் எல்லாம் அவரைக் கப்பல் காவலாளி என்று நினைத்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். அவரும் கம்பீரமாகத் தலையசைத்தார்.

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட இந்தோனேசியத் தம்பிதான் கடைசியில் வழி சொன்னார். டிவியில் ஒரு சேனல் இருக்கிறது, கப்பல் முகப்பிலிருந்து கடலைக் காட்டும், அறிவிப்பும் அதில் வரும் என்றார். பல கப்பல்களில் இந்த வசதி உண்டாம். அன்றிலிருந்து எங்கள் அறையில் அதே சேனல்தான். பிள்ளைகள் கார்ட்டூன் கேட்டு அழுதார்கள். அப்பா ரிமோட்டை மடியில் முடிந்துகொண்டார். தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர். அதற்கு நடுவே எப்போதாவது ஓர் ஆள் உற்சாகமாய்க் கத்துவார்.

அந்த ஆள் கத்துவது என்ன தெரியுமா? ஐந்தாம் தளத்தில் கைக்கடிகாரம் தள்ளுபடி. மூன்று மணிக்கு பிங்கோ, அட்டைகள் விற்பனையில். நான்கு மணிக்கு ஓவிய ஏலம், ஒயின் இலவசம். நான் ஒவ்வொன்றாய்த் தமிழில் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "நம்மூர்ல மைக்குல சொன்னா எதையோ குடுக்கிறான், இல்லன்னா எதையோ தெறக்கிறான். இவன் காலைலேர்ந்து விக்கிறான்டா!" என்றார். கப்பல் கம்பெனிக்காரர்கள் பல லட்சம் கொடுத்து ஆள் வைத்து ஆராய்ச்சி செய்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ஒரே ஒருவர் மட்டும் அப்பாவின் மதிப்பைப் பெற்றார். கேப்டன். நண்பகலில் அவரே மைக்கில் வந்து கப்பல் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், என்ன வேகம், கீழே எவ்வளவு ஆழம் என்று கணக்கு ஒப்பித்தார். விற்பனை கிடையாது. மலாக்கா நீரிணையின் தென்பகுதியில் ஆழம் 37 மீட்டரைத் தாண்டுவதே அரிது. நான் அதை அடியாக மாற்றி, கிட்டத்தட்ட 120 அடி என்றேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேட்டூரு ஃபுல்லா?" என்றார். ஆமாம், நம் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு தண்ணீரின் மேல்தான் உலகத்து எண்ணெய்க் கப்பல்களெல்லாம் வரிசைகட்டிப் போகின்றன. "அப்போ அங்க எத்தனை அடி நிக்கிதுன்னு அந்தக் கேப்டனைக் கேளேன்" என்றார். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 நெருங்குகிற நேரம், அவர் கவலை அவருக்கு.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். கப்பல் கிளம்புவதற்கு முன் பயிற்சி மணி அடிப்பார்கள். குறைந்தது ஏழு குட்டைச் சத்தம், கடைசியில் ஒரு நீண்ட சத்தம். உலகத்தில் எந்தப் பயணிகள் கப்பலிலும் இதே கணக்குதான். அது அடித்தபோது அப்பா குளியலறையில் இருந்தார். அதுவரை ஊமையாக இருந்த கூரை ஸ்பீக்கர் போட்ட போட்டில், சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, "அணை உடைஞ்சிருச்சா?" என்றார்.

பிறகு விதிமுறையைத் தேடிப் படித்தேன். கடல் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகளில், அபாய மணி அறையில் தலை வைத்துப் படுக்கும் இடத்தில் குறைந்தது 75 டெசிபல் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அறைக் குளியலறையிலும் அதே 75. குளித்துக்கொண்டிருப்பவனையும் நினைத்துச் சட்டம் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்! ஓர் அறையில் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்திருந்தாலும் அணைத்தே வைத்திருந்தாலும், ஆபத்து அறிவிப்பு அதை மீறித் தானாகக் கேட்க வேண்டும். பயணிகள் கப்பலில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஆம்ப்ளிஃபயர், தனித்தனியாக இழுத்த இரண்டு லைன். ஒன்று தீயில் போனாலும் மற்றது பேசும். உங்கள் ஒற்றை ஆம்ப்ளிஃபயர் புகைந்து, மாரியம்மன் கோயில் நாடகத்தில் அரிச்சந்திரன் சுடுகாட்டிலேயே வாயடைத்து நின்ற இரவு நினைவுக்கு வந்தது.

இந்த விதிகள் சும்மா வரவில்லை. 1912-ல் டைட்டானிக்கில் ஒலிபெருக்கியே கிடையாது. சிப்பந்திகள் அறை அறையாகக் கதவைத் தட்டித்தான் எழுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1914-ல், முதல் சர்வதேச உடன்படிக்கை வந்தது. டைட்டானிக்குக்கு நூறு வருடம் கழித்து ஒலிபெருக்கியெல்லாம் நிறைந்த கப்பலில் என்ன நடந்தது? 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியது. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, பயணிகளுக்குச் சொன்ன அறிவிப்பு, மின்சாரக் கோளாறு என்பதுதான். 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சியே இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கரண்ட்டுதான் போச்சுங்கறவன நம்பப்படாது" என்று முடித்துக்கொண்டார்.

சிப்பந்திகளுக்கு மட்டும் புரிகிற சங்கேதச் சொற்களும் உண்டு. ஆல்ஃபா என்றால் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை, பிராவோ என்றால் தீ, ஆஸ்கார் என்றால் ஆள் கடலில் விழுந்துவிட்டார். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பயணிகள் பதறக்கூடாது என்று இந்த ஏற்பாடு. நீங்கள் திருவிழாவில் "யாரும் பதற வேண்டாம், யாரும் பதற வேண்டாம்" என்று இரண்டு முறை சொன்னால் போதும், அதுவரை சும்மா நின்றவனும் செருப்பை விட்டுவிட்டு ஓடுவான்.

பினாங்கு வந்தபோது அப்பா மேல்தளத்தில் வெகுநேரம் நின்றார். தாத்தா ரஜூலாவில் வந்து இறங்கிய ஊர். 1926-ல் கட்டிய கப்பல், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களை ஏற்றி இறக்கியது. நாகையில் அது கரைக்கே வராது, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். தாத்தா டெக் டிக்கெட். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு அறையும் இல்லை, கதவும் இல்லை, "என்ன சொன்னான்?" என்ற தொல்லையும் இல்லை. ரஜூலாவுக்குப் பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. அதைப் பற்றி அப்பா அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள், 2023 அக்டோபரில் தொடங்கியது. சில மணி நேரப் பயணம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருமுறை போய் வாருங்கள். ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சித்தப்பா, கோபிக்காமல் கேளுங்கள். கப்பல்காரன் விற்பனையை எவ்வளவு வேண்டுமானாலும் கத்துகிறான், ஆனால் வாசலுக்கு வெளியே நின்று கத்துகிறான். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் மட்டுமே தலைமாட்டுக்கு வருகிறான். நம்மூரில் காதுகுத்துப் பாட்டும் தலைமாட்டில்தான், வெள்ள எச்சரிக்கையும் தலைமாட்டில்தான். அதனால் எது வந்தாலும் புரண்டு படுக்கப் பழகிவிட்டோம். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து லட்சக்கணக்கான கன அடி வந்து, முக்கொம்பில் மதகுகளே அடித்துக்கொண்டு போன சமயம், கொள்ளிடக் கரையில் ஆட்டோவில் அறிவிப்பு செய்துகொண்டு போனார்களே, எத்தனை பேர் அதை ஜவுளிக்கடை விளம்பரம் என்று நினைத்தார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? 2022-ல் தண்டோராவை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்ட பிறகு அந்த வேலை முழுக்க உங்களைப் போன்ற மைக்செட்காரர்கள் தலையில்தான். வருமானம்தான், மறுக்கவில்லை. பொறுப்பும் சேர்ந்தே வந்திருக்கிறது.

அப்பா அடுத்த வாரம் திருச்சிக்கு விமானம் ஏறுகிறார். கப்பலில் தாமே கேப்டனுக்கு ஆழம் சொல்லிக்கொடுத்ததாகக் கதை விடுவார், பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆடித் திருவிழாவுக்குக் குழாய் கட்டும்போது பள்ளிக்கூடத்தைப் பார்த்து இருக்கும் ஒன்றையும், அத்தை வீட்டுப் பக்கம் இருக்கும் ஒன்றையும் குளத்துப் பக்கமாகத் திருப்பிவிடுங்கள். அத்தை பேத்தி இந்த வருடம் பத்தாவது. இரவு பத்து மணிக்கு மேல் போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, பாட்டு கேட்டவர்கள் முறைத்தால் என் பெயரைச் சொல்லுங்கள். கொள்ளிடத்தில் தண்ணீர் திறக்கிற அன்று மட்டும் ஒரு குழாயையும் திருப்பாதீர்கள், சத்தத்தையும் குறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்