பேச்சாளப் பேரனுக்குப் பெருசு சொன்னது

வாப்பா பேராண்டி. அடுத்த மாசம் பெங்களூர் கோரமங்கலாவுல உன் பேச்சாமே! வானியற்பியல் நிறுவனத்துல ஆளு மாத்தி ஆளு ஏறிப் பேசுவாகளாம், இந்தத் தடவை நீயாம். உங்கம்மா ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தண்டோரா போட்டுட்டா. தலைப்பை வாசிச்சேன். நடுவுல ரெண்டு தரம் மூச்சு வாங்கிச்சு. ஒரு முக்காப்புள்ளி வேற. புள்ளிக்கு முன்னாடி உள்ளது புரியலை. பின்னாடி உள்ளது அதுக்கு விளக்கமாம்.

முதல் ஸ்லைடுலயே ஆறு பேரோட பேரு, நாலு முத்திரை. பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒருத்தி முப்பது பாட்டுப் பாடினா. ஊரையும் அப்பனையும் தன் பேரையும் முப்பதாவது பாட்டுலதான் சொன்னா. அதுவரைக்கும் எவனாவது எந்திரிச்சுப் போனானா? பதிமூணாவது பாட்டுல, வெள்ளி உதிச்சதையும் வியாழன் அடைஞ்சதையும் போறபோக்குல சொல்லிட்டுப் போயிட்டா. அதைப் பிடிச்சுக்கிட்டு மு. இராகவையங்கார் கணக்குப் போட்டு கி.பி. 731ன்னாரு. மத்தவுக வேற வருசம் சொல்றாக. சண்டை இன்னும் ஓயலை. பாத்ததைப் பாத்தபடி சொன்னா ஆயிரம் வருசம் கழிச்சும் உக்காந்து மல்லுக்கட்டுவாக. அதுக்கு எதுக்குடா அறுபது ஸ்லைடு?

சூரியனைப் பத்தித்தானே பேசப்போறே? 1909ல கொடைக்கானல்ல எவர்ஷெட் துரை சூரியப் புள்ளியைப் பாத்து, அதுல வாயு உள்ளயிருந்து வெளிப்பக்கமா படுக்கையாப் பாயுதுன்னு கண்டுபிடிச்சதை நீதான் போன பொங்கலுக்குச் சொன்னே. நம்மளைப் பாக்க வாற வாயுவோட வெளிச்சம் நீலத்துப் பக்கம் நகரும், விலகிப் போறது சிவப்புப் பக்கம் நகரும், அதை வச்சே ஓட்டத்தைப் பிடிச்சாருன்னே. படக்குன்னு புரிஞ்சுது. அப்ப உன் கையில கரும்பு இருந்துச்சு, கம்ப்யூட்டர் இல்லை. போன வாரம் அதையே ஸ்லைடு போட்டுச் சொன்னே பாரு, எனக்குத் தெரிஞ்சதும் மறந்துபோச்சு.

உங்க நிறுவனத்துக்குப் பாட்டன் மெட்ராஸ் வானாய்வுக்கூடம். 1792ல நுங்கம்பாக்கத்துல நட்ட கருங்கல் தூண்லயே தமிழும் தெலுங்கும் வெட்டி வச்சிருக்கு. சனங்க பாஷையில சொல்லணும்னு கும்பினிக்காரனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே! அங்க வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல ஒளி மாறுற நட்சத்திரம் ஒண்ணைக் கண்டுபிடிச்ச மனுசன். 1874 டிசம்பர்ல வெள்ளி சூரியனுக்குக் குறுக்க போகப்போகுதுன்னதும், துரைமாருக்கு மட்டும் எழுதிட்டு உக்காரலை. நம்ம நாட்டுப் பாஷைகள்லயும் சனங்களுக்குப் புத்தகம் போட்டாரு, அதுவும் ஒரு பண்டிதரும் சித்தாந்தியும் பேசிக்கிற தினுசுல. பேச்சுன்னா ரெண்டு பேரு வேணும்டா. ஒருத்தனே பேசிக்கிட்டு இருந்தா ஊருல அதுக்கு வேற பேரு, வேப்பிலை அடிப்பாக.

நீ முடிச்சதும், அதுவரைக்கும் முன்வரிசையில தூங்கின பெரியவர் முழிச்சுக் கேள்வி கேப்பாரு. அது கேள்வியா இருக்காது, அவரு வாலிபத்துல பண்ணின ஆராய்ச்சியா இருக்கும். நம்ம ஊர் நாயைத்தான் தெரியுமே, ஓடினாத்தான் விரட்டும். அசையாம நில்லு. "அருமையான விசயம் சார், டீ குடிக்கிறப்ப பேசுவோம்"னு சொல்லு. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லு. அப்படிச் சொல்றவனைப் பாத்தா மேல கேக்க அவுகளுக்கே கூச்சமா இருக்கும்.

போறப்ப பால்கோவா ஒரு கிலோ வாங்கிக்க. பேச்சுக்கு முன்னாடி எடுத்து நீட்டிராத, தின்னுட்டு மொத்தக் கூட்டமும் சொக்கிரும். டீ நேரத்துல முதல் துண்டு அந்த முன்வரிசைப் பெரியவருக்கு. அப்புறம், அரைக்கிலோ தனியாக் கட்டி என் தலைமாட்டுல வச்சுட்டுப் போ. பாட்டி கேட்டா நிறுவனத்துக்குன்னு சொல்லு. எனக்குச் சர்க்கரை இருக்குங்கிறது அவ செஞ்ச ஒரே கண்டுபிடிப்பு. அதை எதுத்து இந்த வீட்டுல யாரும் கேள்வி கேக்கறதில்லை.